'குவெரி கரப்ட்' என்று வந்தால் முதலில் கோப்பைத் தொடாதீர்கள்: கோத்தகிரியில் பசுந்தேயிலைக் கணக்கு நின்ற நான்கு நாள்

2019 நவம்பர் 14, வியாழக்கிழமை. கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பசுந்தேயிலை வரவுக் கணக்கு முழுவதும் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் கோப்பில் ஓடிக்கொண்டிருந்தது. அக்டோபர் மாத இலைக்கான விலையைக் கணக்கில் ஏற்ற வேண்டிய நாள் அது. விலையைத் தட்டி, 'மாதக் கணக்கு' பொத்தானை அழுத்தினால் 3340 என்ற எண்ணோடு 'குவெரி இஸ் கரப்ட்' என்று பிழை. குவெரி என்பது தரவை எடுக்கவோ மாற்றவோ ஆக்சஸுக்குக் கொடுக்கும் கட்டளை; அது சிதைந்துவிட்டது என்கிறது செய்தி. எந்தக் குவெரி என்று பெயர் வரவேண்டிய இடத்தில் வெறும் மேற்கோள் குறிகள்தான் இருந்தன. ஞாயிறு மாலை எல்லாம் ஓடத் தொடங்கியது. நான்கு நாளில் முதல் இரண்டு நாள் தவறான இடத்தில் தேடியே கழிந்தது. அந்த வரிசையை அப்படியே எழுதுகிறேன். இதே நிலையில் மாட்டுகிறவர் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

அன்றைய அமைப்பு இதுதான். அட்டவணைகள் மட்டும் உள்ள பின்கோப்பு அலுவலக அறையில் விண்டோஸ் 10 கணினியில் இருக்கிறது. அளவு 212 எம்பி. படிவங்கள், குவெரிகள், அறிக்கைகள் உள்ள முன்கோப்பு மூன்று கணினிகளிலும் தனித்தனியாக இருக்கிறது: அலுவலகத்தில் ஒன்று, கணக்கரிடம் ஒன்று, இலை இறக்கும் கொட்டகையில் எடைத் தராசுக்குப் பக்கத்தில் ஒன்று. முதல் இரண்டிலும் ஆபீஸ் 2010. கொட்டகைக் கணினியிலும் அதே 2010தான். ஆனால் அதற்கு இணைய இணைப்பு கிடையாது. கிட்டத்தட்ட 380 விவசாயிகள், அக்டோபருக்கு 8,140 எடைப் பதிவுகள். ஈரக் கழிவு, முன்பணம், உரக் கடன் எல்லாம் இதே கோப்பில்தான் கழிக்கப்படுகின்றன.

பிழை வந்தபோது எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்பதை அன்றே ஒரு தாளில் எழுதியிருந்தால் பாதி வேலை மிச்சமாகியிருக்கும். படிவத்தில் புதிய எடை பதிவானது. பழைய பதிவைப் படிவத்திலேயே திருத்தவும் முடிந்தது. அறிக்கைகள் அச்சாயின. தேர்வுக் குவெரிகள் ஓடின. சேர்க்கும் குவெரியும் நீக்கும் குவெரியும்கூட ஓடின. நின்றது அப்டேட் குவெரி, அதாவது ஏற்கெனவே உள்ள பதிவுகளை மாற்றும் குவெரி, மட்டும். ஒரு கோப்பு உண்மையிலேயே சிதைந்திருந்தால் இவ்வளவு ஒழுங்காக ஒரே ஒரு வகை வேலை மட்டும் நிற்காது. ஆனால் 'கரப்ட்' என்ற சொல் கண்ணில் பட்டதும் மனம் நேரே கோப்புக்குத்தான் போகிறது.

அப்படி நினைக்கக் காரணமும் இருந்தது. வடகிழக்குப் பருவமழை கோத்தகிரிப் பக்கம் வலுத்துப் பெய்யும் மாதம் நவம்பர். செவ்வாய், புதன் இரண்டு நாளும் மின்சாரம் பலமுறை போய் வந்தது. அலுவலகக் கணினியின் யுபிஎஸ் பேட்டரி பழசு. இரண்டு நிமிடம்கூடத் தாங்குவதில்லை. பின்கோப்பு திறந்திருக்கும்போது மின்சாரம் போனால் கோப்பு கெடலாம் என்பது உண்மைதானே. அதனால் மின்வெட்டின் மேல் பழி போட்டுவிட்டு வேலையைத் தொடங்கினேன்.

தவறான வழிகள், அதே வரிசையில்

முதலில் செய்தது ஒன்று மட்டும் சரி: மூன்று கணினிகளிலும் ஆக்சஸை மூடி, எல்ஏசிசிடிபி என்று முடியும் பூட்டுக் கோப்பு மறைந்துவிட்டதா என்று பார்த்து, பின்கோப்பையும் முன்கோப்பையும் தேதியிட்ட கோப்புறையில் நகல் எடுத்தேன். பூட்டுக் கோப்பு இருக்கும்போது நகல் எடுத்தால் அந்த நகலை நம்ப முடியாது.

அடுத்து, கோப்பைச் சுருக்கிச் சரிசெய்யும் 'காம்பாக்ட் அண்ட் ரிப்பேர்'. ஆறு நிமிடம் ஓடி, 212 எம்பி 148 எம்பி ஆனது. பிழை அப்படியே. பிறகு வெற்றுக் கோப்பு ஒன்றைத் திறந்து எல்லா அட்டவணைகளையும் குவெரிகளையும் படிவங்களையும் அதில் இறக்குமதி செய்தேன். இறக்குமதிக்கு 40 நிமிடம், உறவுகளையும் இணைப்புகளையும் சரிபார்க்க இரண்டு மணி நேரம். பிழை அப்படியே. குவெரியை அழித்துப் புதிதாக எழுதியதிலும் மாற்றமில்லை. முன்கோப்பை டீகம்பைல் கட்டளையோடு திறந்து, அதற்குள் விபிஏ மொழியில் எழுதிய நிரலை மறுபடி கம்பைல் செய்ததும் வீண்.

வெள்ளி மதியம், நவம்பர் 9-ஆம் தேதி எடுத்த பென்டிரைவ் நகலைத் திறந்தேன். அந்த வாரம் எந்தச் சிக்கலும் இல்லாமல் ஓடிய கோப்பு அது. அதிலும் அதே 3340. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். 9-ஆம் தேதி நன்றாக ஓடிய கோப்பு, பென்டிரைவுக்குள் சும்மா கிடந்தபடியே கெட்டுப்போக வழியில்லை. ஆனால் பென்டிரைவே கெட்டிருக்குமோ என்று வேறொரு நகலைத் தேடப் போனதில் மாலைவரை ஓடிவிட்டது.

சனி காலை கொட்டகைக் கணினியில் அதே பின்கோப்பை இணைத்து அதே பொத்தானை அழுத்தியபோது விலை ஏறிவிட்டது. ஒரே கோப்பு, ஒரே குவெரி. கணினி மட்டும் வேறு. அப்போதுதான் கோப்பை விட்டுவிட்டுக் கணினியைப் பார்க்கத் தொடங்கினேன்.

ஐந்து நிமிடச் சோதனை

இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும். பழுதான கணினியில் ஆக்சஸைத் திறந்து புதிய வெற்றுக் கோப்பு ஒன்றை உருவாக்குங்கள். அதில் ஓர் அட்டவணை: எண், விலை என்று இரண்டே புலங்கள். இரண்டு வரிகள் உள்ளிடுங்கள். எண் 1 ஆக உள்ள வரியின் விலையை 14 ஆக்கு என்று ஓர் அப்டேட் குவெரி எழுதி ஓட்டுங்கள். இரண்டு வரி மட்டுமே உள்ள புத்தம் புதிய கோப்பிலும் 3340 வந்தால் உங்கள் பழைய கோப்பு மேல் குற்றமே இல்லை. அதைத் தொட வேண்டாம், சுருக்க வேண்டாம், இறக்குமதியும் வேண்டாம்.

சோதனைக் கோப்பிலேயே இன்னும் இரண்டு முயற்சி. நிபந்தனையை, அதாவது 'வேர்' (WHERE) பகுதியை, எடுத்துவிட்டு ஓட்டியதும் குவெரி ஓடியது; எல்லா வரியும் 14 ஆனது. உண்மைக் கோப்பில் மறந்தும் இதைச் செய்துவிடாதீர்கள். அடுத்து அட்டவணையின் மேல் ஒரு சாதாரணத் தேர்வுக் குவெரி எழுதி, அட்டவணைக்குப் பதிலாக அந்தக் குவெரியை அப்டேட் செய்யச் சொன்னேன். நிபந்தனையோடும் ஓடியது. ஆக மூன்றும் சேர்ந்தால்தான் பிழை: அப்டேட் குவெரியாக இருக்க வேண்டும், அது ஒரே ஓர் அட்டவணையை நேரடியாக மாற்ற வேண்டும், அதில் வேர் நிபந்தனை இருக்க வேண்டும்.

இந்த மூன்று அடையாளமும் 2019 நவம்பர் 12-ஆம் தேதி வெளியான ஆபீஸ் பாதுகாப்பு அப்டேட்டுக்கு அப்படியே பொருந்துகின்றன. கன்ட்ரோல் பேனலில் நிறுவிய அப்டேட்கள் பட்டியலைத் திறந்து, தேதிவாரியாக வரிசைப்படுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் மைக்ரோசாஃப்ட் ஒரு கேபி எண் தரும்: ஆபீஸ் 2010-க்கு கேபி 4484127, 2013-க்கு 4484119, 2016-க்கு 4484113. அலுவலகக் கணினியிலும் கணக்கர் கணினியிலும் 4484127 தானாகவே இறங்கியிருந்தது. இணையம் இல்லாத கொட்டகைக் கணினிக்கு அது வரவே இல்லை.

ஆபீஸ் 2013-உம் 2016-உம் இரண்டு விதமாக நிறுவப்பட்டிருக்கலாம். கோப்பு மெனுவில் அக்கவுன்ட் பக்கத்தில் 'அப்டேட் ஆப்ஷன்ஸ்' பொத்தான் இருந்தால் அது கிளிக்-டு-ரன் வகை. அந்த வகையில் இந்தக் கேபி எண்கள் பட்டியலில் தெரியாது. அந்தப் பக்கத்தில் உள்ள பதிப்பு எண்ணைத்தான் பார்க்க வேண்டும். பட்டியலில் எண் இல்லை என்பதால் அப்டேட் வரவில்லை என்று முடிவு கட்டக் கூடாது.

நீக்குவதா, சுற்றிப் போவதா

அப்டேட்டை நீக்கினால் பிழை போய்விடும். ஆனால் அது ஒரு பாதுகாப்புத் துளையை அடைக்க வந்த அப்டேட். கணக்கர் கணினியில் மின்னஞ்சலும் வங்கி வேலையும் நடக்கின்றன. அங்கே அதை நீக்குவது சரியில்லை என்று முடிவு செய்தேன். அலுவலகக் கணினியில் மட்டும் நீக்கிப் பார்த்தேன்.

நீக்கும்போது இரண்டு சறுக்கல். கட்டளைச் சாளரத்தில் வூசா (wusa) கட்டளையால் கேபி எண்ணைக் கொடுத்தால், அப்படி எதுவும் நிறுவப்படவில்லை என்று பதில் வருகிறது. அந்தக் கட்டளை விண்டோஸ் அப்டேட்களுக்கு மட்டுமே. ஆபீஸ் அப்டேட்டைக் கன்ட்ரோல் பேனல் பட்டியலிலிருந்துதான் நீக்க வேண்டும். நீக்கி, மறுதொடக்கம் செய்ததும் குவெரி ஓடியது. மறுநாள் காலை பார்த்தால் அப்டேட் மறுபடி வந்து உட்கார்ந்திருக்கிறது, பிழையும் கூடவே. விண்டோஸ் அப்டேட் அமைப்பில் மேம்பட்ட விருப்பங்களுக்குப் போய், விண்டோஸோடு சேர்த்து மற்ற மென்பொருட்களுக்கும் அப்டேட் கொடு என்ற தேர்வை எடுத்துவிட்டால்தான் திரும்பி வராது. அதை எடுத்தால் ஆபீஸுக்கு எந்தப் பாதுகாப்பு அப்டேட்டும் வராது. திருத்தம் வந்த அன்றே மறக்காமல் திரும்பப் போட வேண்டும். மானிட்டர் மேல் சீட்டு ஒட்டி வைத்தேன்.

கணக்கர் கணினிக்குச் செய்ததுதான் எனக்குப் பிடித்த வழி. அட்டவணைக்கும் குவெரிக்கும் ஆக்சஸில் ஒரே பெயர் வைக்க முடியாது. ஆனால் அட்டவணையின் பெயரை மாற்றிவிட்டு, அதன் பழைய பெயரில் ஒரு குவெரியை வைத்தால் நிரலுக்கும் படிவத்துக்கும் வித்தியாசம் தெரியாது. அதை வைத்துச் சுற்றிப் போகலாம். எல்லாம் முன்கோப்பில் மட்டும். பின்கோப்பில் ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டாம்.

முதல் வேலை, ஆக்சஸ் விருப்பங்களில் நடப்புக் கோப்பு பக்கத்துக்குப் போய் நேம் ஆட்டோகரெக்ட் தேர்வுகளை அணைப்பது. இதை விட்டால் மொத்த வேலையும் வீண். அது இயங்கும்போது அட்டவணையின் பெயரை மாற்றினால், அதைப் பயன்படுத்தும் குவெரிகளிலும் ஆக்சஸ் தானாகப் புதிய பெயரை எழுதிவிடும். குவெரி மறுபடி நேரே அட்டவணையையே பிடித்துக்கொள்ளும், பிழையும் திரும்பிவிடும். எனக்கு முதல் முயற்சி இதனால்தான் தோற்றது.

பிறகு லீஃப்எண்ட்ரி (இலை வரவு) என்ற இணைப்பு அட்டவணையை, அதாவது பின்கோப்பின் அட்டவணையை முன்கோப்பிலிருந்து சுட்டும் இணைப்பை, லீஃப்எண்ட்ரி_டேபிள் என்று பெயர் மாற்றினேன். அதிலிருந்து எல்லாப் புலங்களையும் எடுக்கும் தேர்வுக் குவெரி ஒன்றை எழுதி, லீஃப்எண்ட்ரி என்ற பழைய பெயரிலேயே சேமித்தேன். வரிசைப்படுத்துதல், தொகுத்தல், தனித்த வரி மட்டும் என்ற நிபந்தனை எதையும் அதில் சேர்க்கக் கூடாது. தொகுத்தாலோ, தனித்த வரி கேட்டாலோ அதன் வழியாகத் தரவை மாற்ற முடியாமல் போகும். மாதக் கணக்குப் பொத்தானை அழுத்தினேன், ஓடியது. 8,140 வரிக்கும் விலை ஏற 4 நொடி. முன்பு 3 நொடிதான் ஆகும்.

மொத்தம் 23 இணைப்பு அட்டவணைகள் இருந்தும் எல்லாவற்றுக்கும் இதைச் செய்ய வேண்டியதில்லை. நிபந்தனையோடு அப்டேட் ஆகும் அட்டவணைகள் எவை என்று தேடினேன். சேமித்த குவெரிகளில் தேட, குவெரிடெஃப்ஸ் தொகுப்பைச் சுற்றிவரும் நான்கு வரி நிரல் போதும்: டைப் மதிப்பு 48 ஆக உள்ளவைதான் அப்டேட் குவெரிகள். 17 கிடைத்தன. நிரலுக்குள் சரமாக எழுதப்பட்டவை அந்தப் பட்டியலில் வராது. விபிஏ சாளரத்தில் தேடலை முழு ப்ராஜெக்டுக்கு வைத்து அப்டேட் என்ற சொல்லைத் தேடியதில் இன்னும் 11. இவை எல்லாம் சேர்ந்து தொடும் அட்டவணைகள் நான்கே: இலை வரவு, மாதப்பட்டியல், முன்பணம், உரக் கடன். நான்கு பெயர் மாற்றம், நான்கு குவெரி. ஒரு மணி நேர வேலை.

ஒரு பின்விளைவு உண்டு. திறக்கும்போது பின்கோப்பின் பாதையைச் சரிபார்த்து இணைப்பைப் புதுப்பிக்கும் நிரல் டேபிள்டெஃப்ஸ் என்ற அட்டவணைத் தொகுப்பில் பெயரைச் சொல்லித் தேடினால், பழைய பெயரில் இப்போது அட்டவணை இல்லை என்பதால் அது நின்றுவிடும். அந்த நான்கு பெயர்களையும் அங்கே மாற்றியாக வேண்டும்.

சத்தமில்லாமல் போன பிழை

இது அப்டேட்டைவிடப் பெரிய பாடம். விலை ஏற்றும் நிரல் பிழைச் செய்தியைக் காட்டியது. கழிவு போடும் நிரல் காட்டவே இல்லை. காரணம், அதன் தலைப்பில் யாரோ எப்போதோ எழுதிய 'ஆன் எர்ரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்'. பிழை வந்தாலும் நிற்காமல் அடுத்த வரிக்குப் போ என்று பொருள். அந்த நிரலின் முதல் படி மாதப்பட்டியலில் எல்லா வரியின் கழிவுப் புலத்தையும் பூஜ்யமாக்கும். அதற்கு நிபந்தனை கிடையாது. அதனால் அது ஓடிவிட்டது. அடுத்த படிகள் ஒவ்வொரு விவசாயிக்கும் முன்பணத்தையும் உரக் கடனையும் நிரப்பும். அவற்றில் நிபந்தனை உண்டு. எல்லாம் தோற்றன, ஒன்றும் சொல்லாமல். ஆக, பட்டியல் அழகாக அச்சாகிறது, கழிவுப் புலம் முழுக்கப் பூஜ்யம். அதன்படி பணம் போயிருந்தால் ஒவ்வொருவருக்கும் கூடுதலாகப் போயிருக்கும். அடுத்த மாதம் அதைத் திரும்பப் பிடிக்கும்போது சிறு விவசாயியின் குடும்பச் செலவில்தான் கை வைக்க வேண்டியிருக்கும். அச்சுப் பிரதியைக் கையால் புரட்டியதால் மட்டுமே இது கண்ணில் பட்டது.

அதனால் கழிவு நிரலை மாற்றி எழுதினேன். ரெஸ்யூம் நெக்ஸ்ட் வரி போனது. எல்லாப் படியும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள்: பிகின்டிரான்ஸில் தொடங்கி, ஒவ்வொரு எக்சிக்யூட்டுக்கும் பிழை வந்தால் நிறுத்தும் டிபிஃபெயில்ஆன்எர்ரர் சேர்த்து, கடைசிப் படியும் முடிந்த பிறகே கமிட்டிரான்ஸ். இடையில் எது தோற்றாலும் ரோல்பேக், அதாவது எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். இப்போது பாதி வேலை என்ற நிலையே இல்லை. முழுவதும் நடக்கும், அல்லது எதுவும் நடக்காது.

சரிபார்த்த முறை: வியாழன் காலை எடுத்த நகலில் அக்டோபர் மொத்தக் கிலோவைக் கூட்டி, புதிய பட்டியலின் கூட்டலோடு ஒப்பிட்டேன். பிறகு கிலோவை விலையால் பெருக்கிய தொகை, முன்பணப் பேரேட்டின் கூட்டல், கழிவுக் கூட்டல். கடைசியாக ஐந்து விவசாயிகளின் இலைப் புத்தகத்தை வாங்கி வரி வரியாகப் பார்த்தேன். எல்லாம் பொருந்திய பிறகுதான் சீட்டு அச்சடிக்கப்பட்டது.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு பிழை

பின்கோப்பைத் திறக்கும்போதே 3343 என்று வந்து கோப்பின் வடிவம் புரியவில்லை என்றாலோ, 'இன்கன்சிஸ்டென்ட் ஸ்டேட்' என்று சொல்லிச் சரிசெய்யட்டுமா என்று கேட்டாலோ அது வேறு நோய். விண்டோஸ் 10-இன் 1803 பதிப்புக்குப் பிறகு பலரும் பின்கோப்பை நெட்வொர்க்கில் பகிரும் இடங்களில் இதைக் கண்டிருக்கிறார்கள். இதில் கோப்பு உண்மையாகவே கெடும். காம்பாக்ட் அண்ட் ரிப்பேர் இங்கே தேவை. திரும்ப வராமல் இருக்க, பின்கோப்பு இருக்கும் கணினியின் ரெஜிஸ்ட்ரியில் லேன்மேன்சர்வர் சேவையின் பாராமீட்டர்ஸ் கிளையில் டிஸேபிள்லீசிங் என்ற டிவேர்ட் மதிப்பை உருவாக்கி 1 என்று வைத்து, சர்வர் சேவையை நிறுத்தித் தொடங்க வேண்டும். சேவையை நிறுத்தும்முன் எல்லாரையும் கோப்பிலிருந்து வெளியேற்றிவிடுங்கள். 3340 குவெரி ஓடும்போது வரும், எந்தக் கோப்பிலும் வரும். 3343 திறக்கும்போது வரும், பகிர்ந்த கோப்பில் வரும். இந்த ஒரு வித்தியாசத்தை நினைவில் வைத்தால் போதும்.

செலவும் மாற்றங்களும்

அப்டேட் சிக்கலுக்குப் பணச் செலவே இல்லை. ஆனால் மின்வெட்டைச் சந்தேகித்த கையோடு யுபிஎஸ்ஸுக்கு 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்று, 900 ரூபாய், போட்டேன். கொட்டகைக் கணினி வைஃபையில் இருந்ததை 30 மீட்டர் கேட்-6 கேபிளுக்கு மாற்ற 750 ரூபாய். இரண்டும் 3340-க்கு மருந்தல்ல; இருந்தாலும் வீண் செலவும் அல்ல. பிரித்த ஆக்சஸ் கோப்பை வைஃபையில் ஓட்டக் கூடாது; இணைப்பு ஒரு நொடி அறுந்தாலும் எழுதிக்கொண்டிருந்த பக்கம் கெடலாம். இலைக் கொட்டகையில் ஈரமும் பனியும் அதிகம். கேபிளின் ஆர்ஜே 45 முனையில் உள்ள பற்கள் பச்சை பிடிக்கலாம். அப்படியானால் முனையை வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்வது நல்லது.

திருத்த அப்டேட் பின்னர் வந்தது. அலுவலகக் கணினியில் முதலில் போட்டு, அந்த இரண்டு வரிச் சோதனைக் கோப்பை ஓட்டிப் பார்த்தேன், பிழை இல்லை. கணக்கர் கணினியில் அடுத்த மாதக் கணக்கு முடிந்த பிறகே போட்டேன். சுற்றுவழிக் குவெரிகளைக் கழற்றும்போது வரிசை முக்கியம்: முதலில் குவெரியை அழித்து, பிறகு அட்டவணைக்குப் பழைய பெயர். இணைப்புப் புதுப்பிக்கும் நிரலிலும் நான்கு பெயரைத் திரும்ப மாற்ற வேண்டும்.

அதன் பிறகு மூன்று கணினிகளிலும் சோதனைக் கோப்பை டெஸ்க்டாப்பில் வைத்தேன். திறந்ததும் சேர்த்தல், நீக்கல், நிபந்தனையோடு அப்டேட் மூன்றையும் ஓட்டி, சரி அல்லது பிழை எண் என்று ஒரு வரி காட்டும். ஆபீஸ் 2010-க்கு அப்டேட் வந்துகொண்டிருந்த வரை (2020 அக்டோபரில் அது நின்றுவிட்டது) அலுவலகக் கணினிக்கு மட்டும் உடனே போடும் ஏற்பாடு. கணக்கர் கணினிக்கு ஒரு வாரம் தள்ளி. மாதத்தின் 5 முதல் 18 தேதி வரை, விலை ஏற்றிப் பட்டுவாடா முடியும் வரை, அங்கே எதையும் நிறுவவில்லை. பென்டிரைவில் ஒரே நகலின் மேல் மறுபடி மறுபடி எழுதாமல் ஏழு கிழமைக்கு ஏழு கோப்புறை. கணினியின் பக்கவாட்டில் ஒட்டிய தாளில் ஆபீஸ் பதிப்பு எண்ணும் கடைசி அப்டேட் தேதியும் பென்சிலில் எழுதி வைத்தேன். அடுத்த அப்டேட் வந்ததும் அழித்து எழுதத்தான் பென்சில்.